பட்ட மரங்களைப் படமெடுப்பது: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலிருந்து காலாப்பட்டு வரை பட்ட மரங்களைத் தேடிப் போகும் ஞாயிற்றுக்கிழமை நடைகளில் திரும்பத் திரும்ப என் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். சுலபமானவை முன்னால், வம்பானவை பின்னால்.

எவ்வளவோ பச்சை மரம் இருக்க, பட்டுப்போனதைப் போய் ஏன் சார் எடுக்கணும்?

பச்சை மரத்தில் இலைதான் முன்னால் நிற்கும். பட்ட மரத்தில் எல்லாம் வெளியே தெரியும். கிளை எந்தப் பக்கம் ஓடியது, காற்று எங்கே திருகியது, மின்கம்பிக்காக எந்தப் பக்கத்தைக் கழித்தார்கள், விளம்பரத் தட்டிக்கு எத்தனை ஆணி இறங்கியது என்று எல்லாவற்றையும் பார்க்கலாம். அக்கம்பக்கத்து ஆட்கள் அந்த மரத்தோடு எப்படிப் பழகினார்கள் என்பது அதன் உடம்பிலேயே இருக்கிறது. எனக்கு அதுதான் காரணம். வடிவத்துக்காக மட்டும் எடுக்க வருகிறவர்களும் உண்டு, அவர்களோடு சண்டையில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களைக் கூடத்தில் மாட்ட நம் வீடுகளில் சம்மதிக்க மாட்டார்கள். என் வீட்டிலும் அப்படித்தான்.

மரம் செத்துடுச்சா, இல்ல இலை மட்டும் உதிர்ந்திருக்கா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாசி, பங்குனியில் இந்தக் குழப்பம் அதிகம். வாகை மொட்டையாகி, வெளுத்த நெற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு காற்றில் கலகலத்துக்கொண்டிருக்கும். செம்மயிற்கொன்றையும் பூப்பதற்கு முன் இலையைக் கொட்டிவிடும். ஒதியனும் அப்படித்தான். இவற்றை எடுத்து "இறந்த மரம்" என்று எழுதினால் சித்திரையில் அது துளிர்த்து உங்களைப் பொய்யராக்கும்.

நுனிக் குச்சியை வளைத்துப் பாருங்கள். உயிருள்ளது வளையும், செத்தது படக்கென்று ஒடியும். சின்னக் கிளையின் தோலை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா என்று தெரிந்துவிடும். கத்தி வேண்டாம், நகம் போதும். அடிமரத்தில் பட்டை தானாகக் கழன்று, தட்டுப் போல நீட்டிக்கொண்டு காளான் முளைத்திருந்தால் சோதனையே தேவையில்லை. பனையும் தென்னையும் இன்னும் சுலபம். அவற்றுக்கு ஒரே ஒரு குருத்துதான், அது போனால் மரம் போயிற்று.

கடலூர், பாண்டி பக்கம் எங்கெங்க போகலாம்?

புதுச்சேரிக்கு வடக்கே தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் கடற்கரை. கரை அரித்து வேர் வெளியே வந்த தென்னைகளை அங்கே பார்க்கலாம், சில ஏற்கெனவே அலைக்குள் கிடக்கும். ஆண்டுக்கு ஆண்டு கரை மாறுவதால், போன முறை பார்த்த மரம் இந்த முறை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஏரிகளில் ஊசுட்டேரி, கடலூர் மாவட்டத்தில் பெருமாள் ஏரி. தண்ணீருக்குள் நிற்கும் காய்ந்த கருவேல மரங்களில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காய வைக்கும்.

பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கத்து முந்திரிக்காடுகளில் பழைய புயலின் மிச்சம் இன்னும் அங்கங்கே உண்டு. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலையில் புளியமரங்கள் போன இடத்தில் அடிக்கட்டைகள். பிச்சாவரத்தில் படகில் போனால் அலையாத்திக் காட்டின் ஓரத்தில் வெள்ளையாக நிற்கும் செத்த மரங்கள். ஆனால் நடுவில் இறங்கி நடக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

எல்லோரையும் நான் ஒரு முறையாவது அழைத்துப் போவது திருவக்கரைக்கு. புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், வானூர் வட்டம். அங்கே கிடப்பவை ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள், கல்லாகிவிட்டவை. 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. கிளையும் வேரும் இல்லாமல் தண்டுகள் மட்டும் கிடப்பதால், அவை அங்கே வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்தவை என்கிறார்கள். அந்த மணல் இறுகிய பாறைக்குப் பெயரே கடலூர் மணற்கல்தான். படம் எடுக்கலாம், ஒரு சில்லைக்கூட எடுத்து வரக் கூடாது.

செல்போன் போதுமா, கேமரா வாங்கணுமா?

போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் கணக்கு மெல்லிய குச்சிகளில் தடுமாறி, பாதிக் கிளையை வானத்தோடு சேர்த்து அழித்துவிடும்.

கேமரா இருந்தால் 35 அல்லது 50 மிமீ லென்ஸ் ஒன்று போதுமானது. அகல லென்ஸை வைத்துக்கொண்டு அடியிலிருந்து மேலே பார்த்தால் எந்தக் குச்சியும் ராட்சசன் ஆகிவிடும். முதல் மாதம் எல்லோரும் அதைச் செய்வார்கள், பிறகு தானாக நின்றுவிடும்.

எந்த மாசம், எந்த நேரம் நல்லது?

நமக்குச் சூரியன் கடலிலிருந்து வருகிறது. கடற்கரைத் தென்னைகளைக் கிழக்கு பார்த்து எடுத்தால் கருநிழல் உருவம்தான் கிடைக்கும். பட்டையின் வெடிப்பும் பூச்சி அரித்த கோடும் வேண்டுமென்றால், ஏழு மணிக்கு மேல் வெயில் பக்கவாட்டில் விழும்படி நின்றுகொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் ஏரிப் பக்கமும் முந்திரிக்காட்டிலும் பனி இறங்கும். பின்னாலிருக்கும் வீடு, கம்பம், கோபுரம் எல்லாம் மறைந்து மரம் தனித்து நிற்கும்.

அப்படி மறைவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கம்பமும் வீடும் அந்த மரத்தின் கதையில் இருப்பவைதானே. கத்திரி வெயிலில் மத்தியானம் எடுத்தால் படம் சப்பென்றிருக்கும் என்பார்கள், உண்மைதான். சாலையோரத்து அடிக்கட்டைக்கு அந்த நிழலற்ற வெளிச்சம்தான் பொருத்தம்.

கருப்பு-வெள்ளையிலதான் எடுக்கணுமா?

கட்டாயமில்லை. கலரில் எடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது நீல நிறத்தைக் கொஞ்சம் இறக்கினால் வானம் கருத்து, வெளுத்த மரம் தூக்கித் தெரியும். பிலிம் காலத்தில் சிவப்பு ஃபில்டர் போட்டுச் செய்ததும் இதைத்தான். ஆனால் தென்னையின் அடியில் வடியும் செம்பழுப்புச் சாறு, ஆணியைச் சுற்றிய துருக்கறை, மரத்தில் கட்டிய மஞ்சள் துணி ஆகியவை கருப்பு-வெள்ளையில் காணாமல் போய்விடும். துக்கத்துக்குக் கருப்பு என்று யோசிக்காமல் மாற்றுவதுதான் எனக்கு ஒத்துவராதது.

எது மரத்தைக் கொன்னுச்சுன்னு பார்த்தே சொல்லிட முடியுமா?

பல நேரம் முடியும். வேரோடு பெயர்ந்து, பக்கத்து மரங்களும் ஒரே திசை பார்த்துக் கிடந்தால் காற்று. இடையில் முறிந்திருந்தால் முறிவைக் கிட்டப் போய்ப் பாருங்கள், உள்ளே ஏற்கெனவே கறையான் தின்று பொக்கையாக இருக்கலாம். அப்போது புயல் கடைசியாக வந்த ஆள் மட்டும்தான். தண்டில் மேலிருந்து கீழாக ஒரு நீளப் பட்டை பிளந்து போயிருந்தால் மின்னல். தென்னையின் தலை சாய்ந்து குருத்தில் ஓட்டைகள் இருந்தால் காண்டாமிருக வண்டு அல்லது சிவப்புக் கூன்வண்டு. அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்து காய்ந்திருந்தால் தஞ்சாவூர் வாடல் நோய், அது மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சையின் வேலை.

மனிதக் கை வேறு மாதிரி தெரியும். அடியில் வளையமாகப் பட்டை உரித்திருப்பார்கள். இலையில் தயாராகும் சத்து பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது, வளையம் போட்டால் வேர் பட்டினி கிடந்து மெல்லச் சாகும். மரத்தைச் சாகடிக்க அடியில் பெருங்காயத்தை வைத்துவிட்டார்கள் என்று ஊருக்கு ஊர் ஒரு கதை சொல்வார்கள். கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், கண் மட்டும் அடிமரத்தில் இருக்கட்டும். டவுனுக்குள் கழுத்தளவு சிமெண்டும் தாரும் போட்டு மூடிய மரங்கள் உண்டு. அவற்றை யாரும் கொல்ல நினைக்கவில்லை, சும்மா நடைபாதை போட்டார்கள்.

தெரியாதபோது பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். கேட்ட பிறகும் தெரியாவிட்டால் "காரணம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள்.

வெட்டின அடிக்கட்டையில வளையத்தை எண்ணி வயசு சொல்லலாம்ல?

தேக்கில் ஓரளவு முடியும், அதற்கு ஆண்டு வளையம் தெளிவாக விழும். புளி, வேம்பு, ஆல் போன்ற நம் ஊர் மரங்களில் அப்படி நம்ப முடியாது. குளிர்காலம் என்று ஒன்று வந்து வளர்ச்சியை நிறுத்தும் ஊரில்லை இது. பனையிலும் தென்னையிலும் வளையமே கிடையாது, உள்ளே வெறும் நார்தான்.

ஆகவே "200 ஆண்டுப் புளியமரம்" என்று தலைப்புப் போடும் முன் யோசியுங்கள். வயதைக் கூட்டினால் துக்கம் கூடும் என்று ஒரு கணக்கு நடக்கிறது. அறுபது வயதுப் புளியமரம் போனாலும் நிழல் போனது போனதுதான்.

ஊர்க்காரங்க ஒரு மாதிரி பார்க்கிறாங்க. என்ன சொல்லிச் சமாளிக்கிறது?

சமாளிக்க வேண்டாம், இறங்கியதும் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். முந்திரிக்காட்டில் கேமராவோடு நின்றால் இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, நிவாரணக் கணக்கெடுக்க வந்தவரோ என்று. உடனே பெயரும் சர்வே எண்ணும் சொல்லத் தொடங்குவார்கள், அந்த நம்பிக்கையை ஒரு நிமிடம்கூட வளரவிடக் கூடாது. இன்னொன்று, நிலம் எடுக்க அளக்க வந்தவரோ என்று. நிலக்கரிச் சுரங்கம் இருக்கும் நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்தப் பயம் சும்மா வருவதல்ல. "மரத்தைப் படம் பிடிக்க வந்தேங்க ஐயா, உங்க நிலத்துக்குள்ள வரலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் வரப்பு காட்டி அழைத்துப் போவார்கள், மோரும் கிடைக்கும்.

கோயில் மரமாக இருந்தால், பட்டுப்போனாலும் அது சாமி மரம்தான். பூசாரியிடம் கேட்காமல் கிட்டே போகாதீர்கள். செருப்போடு வேண்டவே வேண்டாம்.

ஆபத்து ஏதாவது இருக்கா?

காய்ந்த கிளை சொல்லிவிட்டு விழாது. மழை ஊறிய மறுநாளும் காற்று நாளும் அடியில் நிற்காதீர்கள். அரித்த கரையில் சாய்ந்து நிற்கும் தென்னையின் கடல் பக்கம் போகவே வேண்டாம். பொந்துக்குள் கை விடக் கூடாது, உள்ளே கதண்டுக் குளவி இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். பிச்சாவரத்தில் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். சிதம்பரத்தின் தலமரம் அதுதான், இன்று அதைப் பார்க்க ஊருக்கு வெளியே அலையாத்திக் காட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

ட்ரோன் விடலாமா?

புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது, நகரம் மொத்தமும் அதற்குள் வந்துவிடும். சுரங்கப் பக்கமும் காட்டுப் பக்கமும் நினைக்கவே வேண்டாம். மேலேயிருந்து பார்த்தால் பட்ட மரம் ஒரு புள்ளிதான், நஷ்டம் ஒன்றுமில்லை.

பட்ட மரம் சும்மாதானே நிக்குது, வெட்டி விறகாக்கினா என்ன?

சும்மா நிற்கவில்லை. தலை போன மொட்டைப் பனையின் உச்சிப் பொந்தில் பனங்காடையும் பச்சைக்கிளியும் குஞ்சு பொரிக்கும். செம்மார்புக் குக்குறுவான் தன் சின்ன அலகால் காய்ந்த மெத்தென்ற கிளையாகத் தேடித்தான் துளை போடும், பச்சைக் கட்டை அதற்கு ஆகாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் மைனா வரும், புள்ளி ஆந்தை வரும். விழுந்த பிறகு கறையானும் பூஞ்சையும் அதை மண்ணாக்கும். சாலையோரத்தில் ஆள்மேல் விழும் நிலையில் இருந்தால் வெட்டத்தான் வேண்டும். வயல் நடுவில் நிற்பதை வெட்ட என்ன அவசரம்?

ஆனால் அடுப்புக்கு விறகு இல்லாத வீட்டுக்காரரிடம் போய் இந்தப் பாடத்தை எடுக்காதீர்கள்.

கொஞ்சம் கிளையை ஒடிச்சு, ஒரு காக்காவைச் சேர்த்தா படம் நல்லா வருமே?

வரும். அப்புறம் அந்தப் படத்தில் மரம் இருக்காது, நீங்கள்தான் இருப்பீர்கள். வெளிச்சம், கான்ட்ராஸ்ட் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள். கிளையை ஒடிப்பது, பிளாஸ்டிக் பையை அகற்றுவது, இல்லாத பறவையைக் கொண்டுவருவது கூடாது. குப்பை இருந்தால் குப்பையோடு.

"மனிதன் இயற்கையை அழிக்கிறான்"னு தலைப்பு போட்டா போதாதா?

கண்காட்சிகளில் பாதிப் படங்களுக்கு இந்தத் தலைப்புதான். எனக்கு இதில் சம்மதமில்லை. "மனிதன்" என்று எழுதினால் யாரும் இல்லை என்று பொருள். எது கொன்றது என்று மேலே சொன்னேனே, அந்த விசாரணையை முடித்துவிட்டால் தலைப்பு தானாக வந்துவிடும்.

கடற்கரைத் தென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கரையில் மணல் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மொத்தக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலையைத் தடுக்கும் கல்லணைகள் கடலுக்குள் நீட்டப்பட்டன. மணல் தெற்குப் பக்கம் தேங்கியது, வடக்கே வரவேண்டியது வரவில்லை. அலை மட்டும் வழக்கம்போல் அள்ளிக்கொண்டு போனது. புதுச்சேரி ஊர்க் கரையில் கல் கொட்டினார்கள், அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. "தென்னை. தந்திராயன்குப்பம். தெற்கே அணை கட்டிய பின் கரை அரித்தது." இப்படி எழுதினால் பார்ப்பவருக்கு ஒரு கேள்வியாவது வரும்.

பிச்சாவரத்தின் காரணம் இன்னும் பழையது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, அங்கே மரங்களைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்ட வெளியான சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து, நடுவில் பள்ளமானது. ஓதத்தில், அதாவது கடல்நீர் ஏறும்போது, உள்ளே வந்த உப்புநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியானது. உப்பேறிய மண்ணில் எதுவும் முளைக்கவில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை வந்துபோக வைத்த பிறகு காடு திரும்பியது. செத்த மரமும் திரும்பி வந்த காடும் ஒரே பிரேமில் கிடைக்கும் இடம் அது. "மனிதன் அழிக்கிறான்" என்ற தலைப்பு அங்கே பாதிக்குத்தான் பொருந்தும்.

புயல்ல விழுந்ததுக்கு மனுஷன் என்ன பண்ணுவான்? அதுல என்ன உறவு இருக்கு?

நல்ல கேள்வி, சில சமயம் பதில் "ஒன்றுமில்லை"தான். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது காற்று மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர். அதற்கு எந்த மரமும் எந்த மனிதனும் பொறுப்பில்லை.

ஆனால் எது நின்றது, எது விழுந்தது என்பதில் நம் கை உண்டு. ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அந்த மேடு மழை அரித்த செம்மண் பொட்டல். மண்ணைப் பிடிக்க வேகமாக வளரும் வெளிநாட்டு அகேஷியாவை நிறைய நட்டார்கள், அது தன் வேலையைச் செய்தது. அதன் கட்டை காற்றுக்குத் தாங்காது, தானேவில் ஏராளமாகச் சாய்ந்தது. கூரை திறந்ததும் அடியில் நட்டிருந்த உள்ளூர் மரங்கள் எழும்பின. விழுந்த அகேஷியாவை மட்டும் எடுத்தால் அது பேரழிவு, பிரேமைக் கொஞ்சம் அகலமாக்கினால் வேறு சேதி. டவுனில் சாக்கடைக்காக ஒரு பக்க வேரை வெட்டிய மரங்களின் கதை தனி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்து புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஊறிய மண்ணில், வேர் வெட்டுப்பட்ட மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாருங்கள்.

அடுத்தவன் நஷ்டத்தை அழகாக்கி எடுக்கிறது தப்பில்லையா?

இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. பலாவை விதை போட்டு வளர்த்தால் காய்க்கவே ஏழெட்டு வருடம் ஆகும், அப்பா நட்டதை மகன் அறுவடை செய்யும் மரம் அது. அது விழுந்து கிடக்கும்போது "வேர் என்ன வடிவம்!" என்று நாம் வியந்தால், பக்கத்தில் நிற்பவருக்கு எப்படி இருக்கும்?

நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. உரிமையாளர் நிற்கும்போது முதலில் கேமரா கிடையாது, பேச்சுதான். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். விழுந்த வாரத்தில் எடுப்பதில்லை, அது செய்திக்காரர்கள் வேலை. சில மாதம் கழித்து, அதே இடத்தில், பக்கத்தில் புதுக்கன்று நட்டிருந்தாலும் நடாவிட்டாலும் அதையும் சேர்த்து எடுக்கிறேன். அழகாக இருக்கக் கூடாது என்று வேண்டுமென்றே மோசமாக எடுப்பதில் மரியாதை ஒன்றும் இல்லை.

ஏசி ரூம்ல உட்கார்ந்து, கரண்ட்ல சார்ஜ் போட்டு, இதைப் பத்திப் பேசுறது போலித்தனமா தெரியலையா?

தெரிகிறது. நெய்வேலியில் 1956-இல் நிறுவனம் அமைத்துத் தோண்டும் பழுப்பு நிலக்கரியே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த காடுதான். நம் பேட்டரியில் ஓடுவதும் ஒரு பங்கு பட்ட மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தலைப்பில் "மனிதன்" என்று யாரையோ போல எழுதாமல் இருக்க இது உதவும்.

எடுத்த படத்தையெல்லாம் என்ன பண்றது? இதனால ஏதாவது மாறுமா?

மாறும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு படத்தோடும் மரம், ஊர், தேதி, காரணம் நான்கையும் எழுதி வையுங்கள். மரம் உயிரோடு இருந்தபோது எடுத்த பழைய படம் யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள். சாலையோர மரங்களுக்கு இது நேரடியாகவே பயன்படும். தமிழ்நாட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவித்தார்கள். வெட்டிய பிறகு மனு எழுதும்போது, "இங்கே மரம் இருந்தது" என்பதற்கே சான்று கேட்பார்கள்.

பிறகு ஒரு பிரிண்ட் போட்டு நிலத்துக்காரரிடம் கொடுங்கள். பிரேம் எல்லாம் வேண்டாம். காடாம்புலியூர்ப் பக்கம் பெரியவர் ஒருவர் படத்தை வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்து, மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பின்னால நம்ம மோட்டார் கொட்டகை நல்லா விழுந்திருக்கு தம்பி" என்றார். இன்னொரு காப்பியும் கேட்டார், மகளுக்கு அனுப்ப.